மிளகுக்கு ஒரு வேலை

எனக்கு நாய் என்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரோ நாய்ப்பிரியை உட்கார்ந்து உருகுகிறாள் என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது சந்திரகலா அக்காவைப் பற்றி. கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. ஊரில் பாதிப் பேருக்கு அவள் ஆரூரன் அம்மா, மீதிப் பேருக்கு செந்தில்நாதன் மனைவி. கேரம் டவுன்ஸ் கோயிலில் அண்டாவில் பொங்கல் கிளறுகிறவள் என்றால் எல்லாருக்கும் தெரியும். சென்னையில் நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களுக்கு டிசைன் போட்டவள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

எனக்கே பழகி இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஜெல்ஸ் பார்க்கில் இரண்டு பேரும் நடந்துகொண்டிருந்தோம். ஓடைக்கு மேலே ஒரு சின்ன நடைபாலம். நான் பாட்டுக்கு மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறேன், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பாலத்துக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக் கம்மலைத் தொலைத்துவிட்டாளோ என்று நானும் இறங்கினேன். பாலத்தைத் தாங்குகிற ரப்பர் கட்டை நசுங்கிப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மேலே ஏறி வந்ததும் அது அணைந்துவிட்டது. அப்புறம் மறுபடியும் என் மாமியார் கதைதான்.

இரண்டாயிரத்து ஆறில் சென்னையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள். கணவர் ஐ.டி. வந்த மாதமே வேலை. அவளுடைய படிப்பும் செல்லும் என்றுதான் தாள் வந்தது. ஆனால் போகிற இன்டர்வியூவில் எல்லாம் லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அது வரும்? அதற்குள் ஆரூரன் வயிற்றில். கொஞ்ச நாள் போகட்டும் கலா, பாத்துக்கலாம் என்றார் செந்தில்நாதன். கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அதை மனசாரத்தான் சொன்னார். பையன் நடக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும், வீட்டுக் கடன் ஒரு நிலைக்கு வரட்டும். கடைசியில் அவள் சைல்டு கேர் சர்டிபிகேட் படித்து ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் கட்டைகளை அடுக்கி அது சரிந்து விழும்போது, ஏன் விழுந்தது என்று மண்டியிட்டு உட்கார்ந்து விளக்குகிற டீச்சர் அங்கே அவள் ஒருத்திதான். பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர். எனக்குத்தான் பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும்.

நாய் வந்த கதைக்கு வருகிறேன். ஆரூரன் சின்ன வயதிலிருந்தே நாய் கேட்டுக்கொண்டிருந்தான். நம் வீடுகளில் எதைக் கேட்டாலும் பரீட்சைக்கு அப்புறம்தானே. செலக்டிவ் ஸ்கூல் என்ட்ரன்ஸ் பாஸானால் நாய் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். பையன் பாஸாகிவிட்டான். வேறு வழியில்லை.

செந்தில்நாதன் நாய் தேடியதைப் பார்த்திருக்க வேண்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் எக்ஸெலில் கட்டம் போட்டு, குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்தார். லாப்ரடார் சோற்றுமூட்டை, தள்ளு. பூடிலுக்கு மாதாமாதம் பார்பர் வேண்டும், தள்ளு. கெல்ப்பி மாடு மேய்க்கிற ஜாதி, நமக்கு எதற்கு. கடைசியில் ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாயின்டர் என்று ஒன்றைப் பிடித்தார். எங்கள் வீட்டுக்கு வந்து அதன் பெருமையை ஒரு மணி நேரம் சொன்னார். வேட்டை நாய்களிலேயே ஆல்ரவுண்டராம். புதரில் பறவை எங்கே ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்துக் காட்டும். தண்ணீரில் நீந்தும். மைல் கணக்கில் தடம் பிடித்துப் போகும். சுட்ட பறவையைப் பல் படாமல் எடுத்து வரும். வீட்டையும் காக்கும், குழந்தைகளோடும் பழகும். ‘எல்லா சப்ஜெக்ட்லயும் நூத்துக்கு நூறும்மா’ என்றார். போதாததற்கு முடி குட்டை, பூஜை அறையில் கொட்டாது என்று ஒரு கணக்கு. அந்தக் குட்டை முடி சோபாவில் ஊசி ஊசியாகக் குத்தி நின்றதையும், ரசத்தில் மிதந்ததையும் பிற்பாடு எல்லாரும் பார்த்தோம்.

முட்டைகூடச் சாப்பிடாத வீட்டில், கொல்லைப்புறத்தில் கறிவேப்பிலைச் செடியும் துணிக் கொடியும் மட்டும் இருக்கிற வீட்டில், இத்தனை திறமையும் எங்கே போய் வேலை செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. மார்க் நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்வது நம் பழக்கம். குட்டிகளை வளர்த்து விற்ற லொரெய்ன் என்ற அம்மாள் மட்டும் கேட்டிருக்கிறாள், நீங்கள் வேட்டைக்குப் போவீர்களா என்று. நாங்கள் ரொம்ப ஆக்டிவான குடும்பம் என்றாராம் செந்தில்நாதன். அந்தக் குடும்பம் அதிகபட்சம் நடந்தது நவக்கிரகத்தைச் சுற்றித்தான். லொரெய்ன் அரைமனதாகத் தலையாட்டிவிட்டு, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் முதலில் எனக்குத்தான் போன் செய்ய வேண்டும் என்று சொல்லிக் குட்டியைக் கொடுத்திருக்கிறாள்.

பெட்டைக் குட்டி. தலை கரும்பழுப்பு, அந்த நிறத்துக்கு நாய் வளர்க்கிறவர்கள் வைத்த பெயர் ஈரல் நிறம். சைவ வீட்டில் அதைச் சொல்ல வாய் வராமல் காப்பிப்பொடி நிறம் என்றார்கள். வெள்ளை உடம்பெங்கும் பொடிப்பொடியாகப் புள்ளி, அதனால் மிளகு.

மிளகு வந்த சில மாதத்தில் கொரோனா வந்து ஊரை அடைத்தார்கள். ஒரு மணி நேரம் வெளியே நடக்கலாம், ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆரூரன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஆன்லைன் வகுப்பில் இருந்தான். அப்பா ஹாலில் மீட்டிங். சைல்டு கேரில் பாதி நாள்தான் வேலை. நாய் யாருக்கோ வாங்கியது, நடத்திக்கொண்டு போனது கலாக்கா. கூடவே நானும், இரண்டு முழம் தள்ளி, நாய்க்கு அந்தப் பக்கமாக.

ஒரு நாள் ஓடை ஓரத்தில் மிளகு திடீரென்று நின்றது. முன்னங்கால் ஒன்றை மடக்கித் தூக்கியபடி, வால் நேராக, மூச்சுகூட விடாமல். அக்கா பதறிப்போனாள். காலில் முள் குத்திவிட்டது என்று உட்கார்ந்து பாதத்தை விரித்து விரித்துப் பார்த்தாள். முள்ளும் இல்லை, காயமும் இல்லை. மறுநாளும் அதேபோல் நின்றது. வலிப்பாக இருக்கும் என்று நான் என் பங்குக்குப் பயமுறுத்தினேன். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் வீடியோவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, புதருக்குள் ஒரு பறவை இருக்கும், அதை உங்களுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே என்றாராம்.

அன்றிலிருந்து அக்கா வேறு ஆளாகிவிட்டாள். அதற்கு என்னவெல்லாம் வரும் என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. பழைய சாக்ஸில் மணல் நிரப்பித் தூக்கிப் போட்டு எடுத்து வரப் பழக்கினாள். பெருங்காயத்தைத் துணியில் முடிந்து பார்க்கில் எங்காவது ஒளித்துவிட்டு, போ, தேடு என்பாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, வாசனை எப்படி இறங்கும் என்று குச்சியால் மண்ணில் படம் போட்டு எனக்கு வேறு பாடம். எங்கே ஒளித்தாலும் மிளகு கொண்டுவந்துவிடும். வந்து அவள் முன்னால் உட்காரும். அவள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, மெதுவாக, ‘குடுத்துரு’ என்பாள். கையில் வைத்துவிடும். ஒரு தரம்கூட அது தரையில் போட்டு நான் பார்த்ததில்லை. நடைபாலத்தில் இரண்டும் நிற்கும். நாய் நாணலில் இருக்கிற வாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், அக்கா குனிந்து பாலத்தின் அடியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் நடுவில் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பேன். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஒரு கிருத்திகை அன்று கொல்லைப்புறத்தில் இறங்கிய புறாவை மிளகு பிடித்துவிட்டது. அக்கா சமையலறையில் விரதச் சமையலில் இருக்கிறாள். நேராக வந்து காலடியில் உட்கார்ந்துகொண்டது, வாயில் புறா. கையை நீட்டியிருக்கிறாள். வைத்ததும் புறா சிலிர்த்துக்கொண்டு பறந்து, ஜன்னல் திரையில் மோதி, வெளியே போய்விட்டது. செந்தில்நாதன் வீட்டையே கழுவச் சொன்னார். எல்லாரும் தலைக்குக் குளித்தார்கள். அக்கா எனக்கு போன் செய்து, ‘ஒரு இறகு நனையல நாகு, அவ்ளோ பக்குவமா கொண்டுவந்திருக்கு’ என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். விரதம் கெட்ட கவலையே அவளுக்கு இல்லை.

அப்புறம் ஊரைத் திறந்தார்கள், எல்லாம் போயிற்று. அவர் ஆபீஸுக்குத் திரும்பினார். அக்காவுக்கு முழுநேர வேலை, ஆள் பற்றாக்குறையில் சனிக்கிழமையும் கூப்பிட்டார்கள். இரண்டு மூன்று வருஷம் சமாளித்துப் பார்த்தாள். விடியுமுன் நடத்துவாள், இருட்டிய பிறகு நடத்துவாள். ஆரூரன் சிட்னியில் யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டான். மிளகு பகலெல்லாம் தனியாக. முதலில் பின்கதவைக் கடித்தது. அப்புறம் கறிவேப்பிலைச் செடியை வேரோடு தோண்டியது. அப்புறம் அழ ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்து கவுன்சிலிலிருந்து ஆள் வந்தது. கடைசியில் தன் முன்னங்காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. எந்தக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்குமோ அதே கால். தோல் போய்ச் சதை தெரிந்தது. எனக்கே பார்க்க முடியவில்லை.

டாக்டர் பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார். என்ன வியாதி என்று அக்கா கேட்டிருக்கிறாள். வியாதி ஒன்றும் இல்லை, இதற்கு வேலை இல்லை, அதுதான் என்றாராம்.

அன்று அவள் வீட்டுக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தாள். நாய் காரில் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தது. மாத்திரைப் பெட்டியை மேசையில் வைத்தாள். காப்பி போட்டேன், குடிக்கவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

‘இந்த மாத்திரை நானும் சாப்பிட்டிருக்கேன் நாகு. ஆரூரன் குழந்தையா இருக்கும்போது. எனக்கும் வியாதி ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க.’

அவள் அழுதாள். நானும் அழுதேன்.

லொரெய்னுக்கு போன் செய்தாள். அராரட் பக்கம் கிரெக் என்று ஒருவர் இருக்கிறார், பண்ணைக்காரர், ஏப்ரல் பிறந்தால் காடை வேட்டைக்குப் போகிறவர், அவருடைய கிழட்டு நாய் போன வருஷம் செத்துவிட்டது என்று லொரெய்ன் சொன்னாள். மிளகைக் கூட்டிக்கொண்டு வரட்டும், வயலில் ஒரு தரம் விட்டுப் பார்க்கிறேன், துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்தாலோ பறவையில் நாட்டம் இல்லாவிட்டாலோ எனக்கு வேண்டாம் என்று அவர் சொல்லியனுப்பினார்.

அக்காவுக்கு அந்த ஒரு வாரம் தூக்கமில்லை. எறும்புக்கும் சர்க்கரை வைக்கிறவள் அவள். கோயிலுக்குப் போனால் பைரவர் சன்னிதியில் நாயைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். நானே கொண்டுபோய்க் கொலைத்தொழிலில் விடுகிறேனே, அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாங்கும்போது யாரும் பாவம் பார்க்கவில்லையே என்றேன். ஆரூரன் போனில் ‘இட்ஸ் யுவர் கால், அம்மா’, முடிவு உன் கையில் என்று முடித்துக்கொண்டான்.

செந்தில்நாதன்தான் கலங்கிப்போனார். அவருக்கு அந்த நாய்மேல் பாசம் வந்துவிட்டது, வெளியே சொல்ல மாட்டார். நான் அங்கே இருக்கும்போதே அவளிடம் கேட்டார், இப்போது என்ன அவசரம் என்று. இரண்டு வருஷத்தில் நான் ரிட்டயர் ஆகிவிடுவேன், நானே நடத்திக்கொண்டு போவேன் என்றார்.

‘கொஞ்ச நாள் போகட்டும் கலா. பாத்துக்கலாம்.’

அக்கா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

‘எனக்கும் இதையேதான் சொன்னீங்க,’ என்றாள். குரல் உயரவில்லை. ‘நான் பொறுத்துக்கிட்டேன். அதுக்குப் பொறுத்துக்கத் தெரியலங்க. தன் காலையே திங்குது.’

அவர் எழுந்து கொல்லைப்புறம் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துணிக் கொடிக்கு அடியில் நாய் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் பேன்ட்டோடு.

கால் ஆறும்வரை பொறுத்திருந்து, ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை போனோம். செந்தில்நாதன் வரவில்லை. காலையில் தன் கையால் தயிர்சாதம் ஊட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நான்தான் கார் ஓட்டினேன். பின்சீட்டில் அக்காவும் நாயும். நாய்க்கு இவ்வளவு கிட்டத்தில் நான் அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை.

கோதுமை அறுத்து, தாள் மட்டும் நின்ற வயல். கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள். கிரெக் அதிகம் பேசாத மனிதர், அறுபது வயதிருக்கும். மிளகின் காலைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், அதன் நெற்றியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். லீஷைக் கழற்றச் சொன்னார். அக்காவுக்கு விரல் வரவில்லை. நான் கழற்றினேன். அந்த நாயை நான் தொட்டது அப்போதுதான்.

ஓடியது பாருங்கள். பார்க்கில் லீஷின் நீளத்துக்குள் குதித்த நாய் இல்லை அது. காற்றுக்கு எதிராக இப்படியும் அப்படியுமாக வயலை வீசி வீசி ஓடியது, யாரோ கோடு போட்டுக் கொடுத்ததுபோல. அக்கா வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பயந்துடு மிளகு, பயந்துடு என்று அவள் வேண்டிக்கொண்டது எனக்குக் கேட்டது. அது பயந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

மிளகு நின்றது. முன்னங்கால் தூக்கியபடி, வால் நேராக. புண் ஆறிய தழும்பு எனக்குத் தெரிந்தது. கிரெக் நிதானமாக நடந்துபோய்க் காலால் தாளைத் தட்டினார். காடை ஒன்று விருட்டென்று கிளம்பியது. துப்பாக்கி வெடித்தது. நான் அலறிவிட்டேன். நாய் அசையவில்லை. பறவை விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்று, அவர் சொன்ன பிறகுதான் ஓடியது.

வாயில் எடுத்துக்கொண்டு திரும்பியது. கிரெக்கிடம் போகவில்லை. அவ்வளவு தூரம் ஓடி நேராக வேலி ஓரம் நின்ற அக்காவிடம் வந்து, முன்னால் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்தது. வழக்கமாகக் கை வருமே, அந்தக் கைக்காக.

அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். செத்த பறவையைத் தொடக்கூடாது என்பதற்காக இல்லை. அவள் தோள் குலுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். நாய் இன்னும் கிட்ட வந்து அவள் முழங்காலில் மூக்கை இடித்தது. அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கிரெக் கிட்டே வந்து குனிந்து கை நீட்டினார். ‘கிவ்’ என்றார். மிளகு விடவில்லை. மறுபடி சொன்னார். வாயை இறுக்கிக்கொண்டு அக்காவையே பார்த்தது. இந்த நாய்க்குக் கொடுக்கத் தெரியாது போலிருக்கிறதே என்று அவர் தலையை ஆட்டினார். அக்கா பேசாமல் இருந்திருந்தால் போதும். வேண்டாம் என்று அவர் சொல்லியிருப்பார். மிளகு எங்கள் காரில் ஏறியிருக்கும்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்கு அந்தச் சொல் தெரியாது என்று இங்கிலீஷில் சொன்னாள். இரண்டு கையையும் சேர்த்துப் பிடியுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். ‘குடுத்துரு.’ அந்த மனிதர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, மண்டியிட்டு, கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ‘கூடுட்ரூ’ என்றார். சரியாக வரவில்லை. இன்னொரு தரம் சொல்லிக்கொடுத்தாள். இன்னொரு தரம் சொன்னார்.

மிளகு அக்காவை ஒரு தரம் பார்த்தது. அப்புறம் காடையை அவர் கையில் வைத்தது.

கிரெக் அதன் காதைத் தேய்த்துவிட்டு எழுந்து வயலைக் காட்டினார். அது கிளம்பிவிட்டது. நாங்கள் கேட்டைத் திறந்தோம், மூடினோம், காரைக் கிளப்பினோம். தூரத்தில் ஒரு புள்ளியாக ஓடிக்கொண்டிருந்தது.

‘திரும்பிக்கூடப் பாக்கல நாகு,’ என்றாள் அக்கா. ‘அதுக்கு வேலை இருக்கு.’ அழுதுகொண்டே சிரித்தாள். லீஷ் அவள் மடியில் சுருண்டு கிடந்தது.

வரும் வழியில் வெஸ்ட்கேட் பாலம் வந்தது. எப்போது அதில் ஏறினாலும் கழுத்தை நீட்டி, அந்தக் கேபிள்களைப் பார், எதை எது தாங்குகிறது பார் என்று எனக்குப் பாடம் எடுப்பாள். எனக்கு அலுப்பாக இருக்கும். அன்று நானே வண்டியை மெதுவாக ஓட்டி, அக்கா, பாலம் என்றேன். அவள் நிமிரவில்லை. சேலையிலிருந்து ஊசி ஊசியான காப்பிப்பொடி நிற முடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல சைல்டு கேருக்குப் போனாள்.